கடைசிக் குழிக்குப் பக்கத்துத் துலா

எங்கள் கந்தோரில் தொண்டர் ஆவது மிகவும் சுலபம். பெரிய கிளாக்கர் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "ஐசே, ஞாயிற்றுக்கிழமை நீர் வாறீர்" என்பார். அவ்வளவுதான், நீங்கள் தொண்டர். வருகிறீரா என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கே, எதற்கு என்று நீங்களும் கேட்கக்கூடாது. கேட்டால், "துரைக்கு விருப்பமான அலுவல்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியை இறக்கி உங்களைப் பார்ப்பார். இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்தில், அந்தக் கண்ணாடி என் பக்கம் இறங்கியது. நான் அப்போது கலியாணமாகாத இளந்தாரி, உத்தியோகத்துக்குப் புதியவன். எதிர்த்துக் கதைக்கத் துணிவில்லை. என் தலையெழுத்து.

அலுவல் இதுதான். கரவெட்டிப் பக்கத்து வெளியொன்றில் துரைமார் கோல்ஃப் ஆடுவார்கள். மாடு மேய்கிற தரவை அது. அங்கங்கே குழி தோண்டிக் கொடி நட்டு, ஒரு சின்ன வெள்ளைப் பந்தைத் தடியால் அடித்து அடித்துக் கடைசியில் அந்தக் குழிக்குள் விழுத்த வேண்டும். குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்க வேண்டுமாம். எங்கள் வெயிலில் புல்லுக்கு எங்கே போவது? மணலைச் சலித்து, எண்ணெய் தெளித்து, உருளையால் உருட்டி வட்ட வட்டமாகக் களங்கள் செய்திருந்தார்கள். அந்த வருடம் சீமையிலிருந்து ஒருவன் வந்திருந்தான். சம்பளத்துக்கு ஆடுகிறவன், பந்தயங்களில் ஆடிப் பரிசு வாங்குவதே அவனுக்குத் தொழில். அவனோடு துரைமார் போட்டி ஆடுவார்கள், சனம் பார்க்க வரும், வருகிற சனத்தை அடக்கி வைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் அடுப்படியில் நின்றாள். அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அக்காதான். உத்தியோகம் கிடைத்த பிறகும் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடும் படுக்கையும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை எங்கடை முறை எண்டு உனக்குத் தெரியாதோ?"

தெரியும். அத்தானின் புகையிலைத் தோட்டம் அந்த வெளியின் ஓரத்தில் இருக்கிறது. கிணறு பங்குக் கிணறு. அத்தானுக்கும், அவருடைய சித்தப்பாவுக்கும், இன்னும் சில சொந்தக்காரருக்கும் அதில் பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு முறை. தண்ணீர் இறைக்க ஆள் ஏறி மிதிக்கிற நீள மரம் துலா; அது நிற்கிற துலாக்காலின் நிழல், வடக்குப் பக்கம் நட்டிருக்கிற கல்லில் விழுந்தால் காலை முறை முடிந்தது. அடுத்த பங்காளி தண்ணீர் அள்ளுகிற தன் பட்டையைக் கையில் எடுப்பார். அதன்பிறகு எல்லோருடைய முறையும் சுற்றி வந்தால்தான் நமக்கு மறுபடி தண்ணீர்.

"சனிக்கிழமை புகையிலைக் கண்டுக்கெல்லாம் பிண்ணாக்கு வைக்கப்போறம்" என்றாள் அக்கா. "வைச்ச அடுத்தநாள் தண்ணி கட்டாட்டி வேர் வெந்துபோம். வருசம் போச்சு. துலா மிதிக்க உன்னைத்தான் நம்பியிருந்தனாங்கள்."

"என்னை என்ன செய்யச் சொல்லுறியள் அக்கா? பெரிய கிளாக்கர் விடமாட்டார்."

"ஒண்டும் செய்ய வேண்டாம். நீ போய்த் துரைமாருக்குக் கயிறு பிடி. இஞ்சை கயிறு பிடிக்க நாங்கள் இருக்கிறம்."

எனக்குப் பதிலாகத் துலா மிதிக்க அத்தான் தன் ஒன்றுவிட்ட தமையனைக் கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்தார். அந்தத் தமையனுக்கு முழங்கால் வருத்தம்.

ஞாயிறு விடிய வெளிக்குப் போனால், ஐயோ கடவுளே, திருவிழா! கரவெட்டிச் சனம், தொண்டைமானாற்றுச் சனம், வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள், சோறு கட்டிக்கொண்டு வந்தவர்கள். "பந்து அடிக்கிறதுக்குச் சம்பளமோ? ஆர் குடுக்கிறது? ஏன் குடுக்கிறது?" என்று ஒருவர் மாறி ஒருவர் என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல! என் கையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, ஒரு பலகையைத் தந்தார்கள். பெரிய கிளாக்கருக்குத் தமிழில் புலமை உண்டென்று அவருக்கே ஒரு நினைப்பு. அதில், "சத்தஞ் செய்யற்க" என்று எழுதுவித்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு நான் நடக்க, ஒரு மனுஷன் வெகு மரியாதையாக, "தம்பி, எந்தக் கோயிலுக்கு நேர்த்தி?" என்று கேட்டார். பலகையாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

பலகையாவது பரவாயில்லை. கயிறு இருக்கிறதே, அந்தக் கயிறு! முதற்குழிப் பக்கம் ஒரு நீளத் தும்புக் கயிற்றை இழுத்துக் கட்டி, சனம் இதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் சனம் நீளக் கயிற்றைத் தேருக்கு முன்னால்தான் கண்டிருக்கிறது. கண்டவுடன் வரிசையாக வந்து இரண்டு கையாலும் பக்தியோடு பிடித்துக்கொண்டது. துரைமார் பந்தை அடித்துவிட்டு முன்னே நடக்க, சனமும் நடந்தது. கட்டின தடிகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. "கயித்தை விடுங்கோ! கயித்தை விடுங்கோ!" என்று நான் கத்த, "விடமாட்டம் தம்பி, நீர் பயப்பிடாதையும்" என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். கயிறும், தடிகளும், சனமும், நானுமாக இரண்டாம் குழிக்குப் போய்ச் சேர்ந்தோம். துரை ஒருவர் திரும்பிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பெரிய கிளாக்கர் தூரத்தில் நின்று பல்லைக் கடித்தது எனக்கு இங்கே கேட்டது.

இதன் பலனாக என்னைக் கயிற்றிலிருந்து விலக்கிக் கடைசிக் குழிக்கு அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் அது எங்கே என்கிறீர்கள்? துரைசானிமார் இருக்க நிழல் வேண்டுமென்று பெரிய புளியமரத்தடியில் கூடாரம் அடித்து, அதற்கு முன்னால் கடைசிக் களத்தைச் செய்திருந்தார்கள். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் அத்தானின் கிணறு. இவ்வளவு பெரிய வெளியில் இவர்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை! அத்தானின் தமையன் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு துலாவில் முன்னும் பின்னும் நடந்து மிதித்துக்கொண்டிருந்தார். கிணற்றடியில் அத்தான் பட்டையைப் பிடித்து இறக்கி ஏற்றி ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் ஒவ்வொரு வரிசைக்கும் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தாள். துலா ஒவ்வொருதரம் ஏறி இறங்கும்போதும் கிரீச் என்று ஒரு சத்தம். பிறந்த நாள் முதல் கேட்ட சத்தம். அது ஒரு சத்தம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதற்சோடி களத்துக்கு வந்தது. ஒருவர் பந்துக்குப் பின்னால் குந்தியிருந்து நிலத்தைப் பார்த்தார். கிரீச். எழுந்து கிணற்றுப் பக்கம் பார்த்தார். மறுபடி குந்தினார். கிரீச். பெரிய கிளாக்கர் என்னிடம் ஓடிவந்தார்.

"என்ன ஐசே, அந்தத் துலாவை நிப்பாட்டும்!"

"சேர், அது இறைப்பு. முறைத் தண்ணி..."

"துரை பந்தடிக்கேக்குள்ளை என்ன இறைப்பு? நிப்பாட்டும் எண்டா நிப்பாட்டும்!"

பலகையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். என் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. பலகையைக் காட்டினேன். அத்தான் நல்ல மனுஷன். உடனே பட்டையை நிறுத்தினார். அக்கா நிமிர்ந்து என் கையில் கட்டியிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

சரி, ஒரு நிமிஷத்தில் தட்டிவிட்டுப் போவார்கள் என்று பார்த்தால், அவர்கள் போனால்தானே! பந்துக்கு முன்னால் குந்தினார்கள், பின்னால் குந்தினார்கள், ஒரு சிறு கல்லை எடுத்து எறிந்தார்கள், தடியைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார்கள். "என்ன பாக்கினம்? எறும்புப் புத்தோ?" என்று சனத்துக்குள் ஒருவர் கேட்டார். "உஸ்!" என்றேன். கடைசியில் ஒருவர் தட்டினார். பந்து குழியைத் தாண்டிப் போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்து குந்தல்!

துலாவை நிறுத்தினால் நட்டம் அந்த நேரம் மட்டுமல்ல. வாய்க்காலில் வந்துகொண்டிருந்த தண்ணீரை மண் குடித்துவிடும். மறுபடி தொடங்கும்போது முதலில் வாய்க்காலுக்கு இறைக்க வேண்டும், பிறகுதான் கன்றுக்கு. இது சனத்துக்குத் தெரியும், அத்தனைபேரும் தோட்டக்காரர். எனக்கும் தெரியும். பெரிய கிளாக்கருக்குக்கூடத் தெரியும், அவரும் எங்களில் ஒருவர்தான். தெரிந்தும் கோட்டுப் போட்டால் மறந்துபோகிறது.

எண்ணெய் விட்டால் சத்தம் குறையுமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. களத்துக்குத் தெளிக்கக் கொண்டுவந்த எண்ணெய்த் தகரப் பேணி கூடாரத்துக்குப் பின்னால் சும்மா கிடந்தது. பெரிய கிளாக்கரிடம் ஒரு சிரட்டை எண்ணெய் கேட்டேன்.

"அது களத்துக்கு வாங்கின எண்ணெய், ஐசே. கிணத்துக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"துலாவை நிப்பாட்ட மட்டும் அதிகாரம் இருக்கோ, சேர்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

அடுத்த சோடி வந்தது, நிறுத்தினோம். அதற்கடுத்த சோடி வந்தது, நிறுத்தினோம். இடையில் கிடைத்த நேரத்தில் அத்தானின் தமையன் நொண்டி நொண்டி ஓடி மிதித்தார். தோட்டத்தில் பாதிக்குமேல் நனைந்துவிட்டது; மேட்டுப் பக்கத்து வரிசைகள் மட்டும் காய்ந்து கிடந்தன. அங்கே கன்றுகளின் இலை அப்போதே துவளத் தொடங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தானின் சித்தப்பா வந்து சேர்ந்தார். நானும் அக்காவும் அவரை மாமா என்போம். அடுத்த முறை அவருடையது. பட்டையும் ஆட்களுமாக வந்து, துலாக்காலுக்குப் பக்கத்தில் சம்மணம் கொட்டி, நிழலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். இந்தக் கிணற்றுப் பங்குக்காகச் சொந்தத் தமையனோடு வழக்காடிக் கோட்டில் வென்ற மனுஷன் அவர். ஊரில் யாருக்காவது வரம்புச் சண்டை என்றால் அவரிடம் சட்டம் கேட்க வருவார்கள்.

பக்கத்தில் போய்க் கெஞ்சினேன். "மாமா, துலா நிண்டது எங்கடை பிழை இல்லை. துரைமார் நிப்பாட்டினவை. நிண்ட நேரத்தை மட்டும் கூட்டித் தாருங்கோ. பிண்ணாக்கு வைச்ச கண்டு."

நிழலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "துலா ஓடினாலென்ன, நிண்டாலென்ன, முறை முறைதான். இண்டைக்கு நான் ஒருக்கா விட்டால் நாளைக்கு அது வழக்கமாப் போம். பிறகு உன்ரை அத்தான்ரை பேரன் வந்து, எங்களுக்கு மத்தியானமும் பாத்தியதை இருக்கெண்டு என்ரை பேரனைக் கோட்டிலை நிப்பாட்டுவான். எனக்கு உது தெரியாதோ?"

"ஒருநாளைக்கு மாமா!"

"வழக்கெல்லாம் ஒருநாளாலைதான் துவங்கிறது."

சனம் மெல்ல மெல்லப் பந்தை விட்டுவிட்டுக் கிணற்றடிக்கு வரத் தொடங்கியது. கோல்ஃப் அவர்களுக்கு விளங்கவில்லை. தண்ணீர் முறை நன்றாக விளங்கும். "நிண்ட நேரம் சேராது" என்று ஒரு கட்சி, "துரை நிப்பாட்டினதைப் பங்காளி பொறுக்கவேணும்" என்று ஒரு கட்சி. கயிற்றைக்கூட விட்டுவிட்டு வந்துவிட்டார்கள், காலை முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தியும் விடாத கயிற்றை.

கடைசிச் சோடி வந்தது. எங்கள் பெரிய துரையும், அந்தச் சம்பளக்காரனும். இரண்டு பேரும் சரிசமமாக நிற்கிறார்களாம். இந்தக் குழியில்தான் வெற்றி தோல்வி. பெரிய கிளாக்கர் இரண்டு கையையும் வெளவால் மாதிரி விரித்துக்கொண்டு எனக்குச் சைகை காட்டினார். நான் பலகையைத் தூக்கினேன். துலா நின்றது. சனம்கூட வாயை மூடியது. சம்பளக்காரன் குந்தினான்.

அக்கா மேட்டு வரிசையில் நின்றாள். வாய்க்கால் தண்ணீர் அவளுடைய காலடிக்கு வந்து, நின்று, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே மண்ணுக்குள் இறங்கியது. அவள் மண்வெட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். இந்தமுறை கோபம் இல்லை. அழுதாள். அம்மா செத்தபோது எனக்கு முன்னால் அழாதவள், ஒரு மரப் பந்தோ றப்பர்ப் பந்தோ, அந்தச் சனியனுக்காக அழுதாள். மாமா நிழலைப் பார்த்தார். நிழல் கல்லுக்கு ஒரு விரல் தூரத்தில் வந்துவிட்டது. "வருது" என்றார் மெதுவாக, பஸ் வருவதைச் சொல்வதுபோல.

எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று.

"உங்களுக்கு ஈவிரக்கம் இல்லையோ!" என்று மாமாவைப் பார்த்துக் கத்தினேன். "அவள் ஆர்? உங்கடை வீட்டுக்கு வந்த பொம்பிளையல்லோ! வேர் வெந்து வருசம் போனால் அந்தக் கோட்டும் சட்டமும் சோறு போடுமோ?"

காலையிலிருந்து அந்த வெளியில் எழுந்த சத்தங்களிலெல்லாம் பெரிய சத்தம் அதுதான். புளியமரத்துக் காகமெல்லாம் கிளம்பிவிட்டது. தட்டப்போன சம்பளக்காரனின் தடி பிசகிப் பட்டது. பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டது. அவன் நிமிர்ந்து, கையில் பலகையோடு நின்ற என்னைப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

பெரிய துரை தன் பந்தைத் தட்டினார். விழுந்தது. துரை வென்றுவிட்டார்! கூடாரத்தில் கைதட்டல், சிரிப்பு. என்னைக் கொல்ல வந்த பெரிய கிளாக்கர், துரையின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கண்டு பாதி வழியில் நின்று, யோசித்து, தானும் கைதட்டினார். எல்லோருமாகத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்கள். அந்தக் கைதட்டலுக்குள் நிழல் கல்லில் விழுந்தது.

"முறை மாறிப்போச்சு" என்றார் மாமா. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அத்தான் பட்டையைக் கழற்றினார். மாமாவின் ஆட்கள் தங்கள் பட்டையைக் கட்டித் துலாவில் ஏறினார்கள். அக்கா வரம்பில் இருந்துவிட்டாள். நான் அந்தச் சிவப்புத் துணியை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். மேட்டு வரிசைகள் அப்படியே காய்ந்து கிடந்தன.

மாமாவின் தோட்டத்துக்குப் போகிற பொது வாய்க்கால் எங்கள் மேட்டுப் பக்கத்து ஓரத்தால்தான் போகும். அதில் தண்ணீர் நிறைந்து ஓடத் தொடங்கியது. எங்களுக்கு முன்னாலேயே ஓடியது. மாமா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பால் நடந்து வந்தார். தன் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கிறாராக்கும் என்று நினைத்து எனக்கு இன்னும் கொதித்தது. காய்ந்த வரிசைகளுக்கு நேரே வந்து நின்றார். கூடாரத்தைப் பார்த்தார். கிணற்றடியில் நின்ற தன் ஆட்களைப் பார்த்தார். எங்களை மட்டும் பார்க்கவில்லை. மண்வெட்டியை வாய்க்கால் வரம்பில் ஒருதரம் போட்டார், ஒருதரம் இழுத்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, துரைமாரை ஏசத் தொடங்கினார்.

"வேலை வெட்டி இல்லாதவங்கள்! மாடு மேயிற நிலத்திலை குழி கிண்டி வைச்சிருக்கிறாங்கள். மாட்டின்ரை கால் முறிஞ்சால் ஆர் பொறுப்பு?"

அவர் பேசப் பேச, வெட்டின வாயால் தண்ணீர் எங்கள் வரிசைக்குள் இறங்கியது. முதல் வரிசை நிறைந்தது. அடுத்த வரிசைக்குப் போனது. விடியத் தொடங்கிச் சனத்தைப் பார்த்து அது செய்யாதே, இது செய்யாதே என்று கத்திக் கத்தி என் வாய்க்கு அது பழகிப்போயிருந்தது. புத்தி வேலை செய்யுமுன் வாய் திறந்துவிட்டது. "மாமா, உங்கை வரம்பு உடைஞ்..."

அக்காவின் சேற்றுக் கை என் வாயைப் பொத்தியது.

"சத்தம் போடாதை" என்றாள்.

இருந்தோம். கடைசி வரிசையின் கடைசிக் கன்று வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகுதான் மாமா திரும்பினார். திரும்பி, அப்போதுதான் கண்டவர்போல, கிணற்றடிக்கும் கூடாரத்துக்கும் கேட்கக் கத்தினார்.

"ஏன் பிள்ளை, உங்கடை பக்கத்து வரம்பை எலி துளைக்குதெண்டு பாக்கிறேல்லையோ? என்ரை தண்ணி எவ்வளவு வீணாப் போச்சு! இதென்ன குடித்தனம்?"

தானே குனிந்து, மண்ணை அள்ளி வைத்து, காலால் மிதித்து வாயை அடைத்தார். அடைத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அதன்பிறகு எத்தனையோ வருடம் அவர் அதை விடவில்லை. கலியாண வீட்டில், செத்த வீட்டில், சந்தையில், எங்கே கண்டாலும், "உவையளின்ரை வரம்பாலை என்ரை முறைத் தண்ணி போச்சு" என்று நாலு பேருக்கு முன்னால் பேசுவார். "ஓம் மாமா, எங்கடை பிழைதான்" என்று அக்கா ஒவ்வொருதரமும் தலையைக் குனிந்து சொல்வாள். பக்கத்தில் நின்றால் நானும் சொல்வேன்.